அண்மையில் படித்த நூல்கள்: துயரத்தை எழுதும்போது எங்கே நிறுத்துவது?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அண்மையில் படித்து முடித்த சில நூல்களைப் பற்றி என் மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றி எழுத விரும்புகிறேன். பரிசு பெற்ற நூல் என்பதற்காகவோ, எழுதியவர் மூத்தவர் என்பதற்காகவோ எதையும் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ போவதில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மண்ணில் பிறந்த நூல்கள் இவை. ஆனாலும் அடுத்தடுத்துப் படித்ததால் ஒரே கேள்வி எல்லாவற்றிலும் என்னைத் தொடர்ந்து வந்தது: மனிதருடைய துயரத்தை எழுதும்போது எழுத்தாளர் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு மிகுந்திருந்த காலத்தில், ஒரு தெருவில் குடியிருக்கும் ஜமுனா, சாயா என்ற இரு சகோதரிகளின் கதை இது. சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிச் சொல்லியே பாஸ்கர் ராவ் என்பவன் ஜமுனாவைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறான். இராணுவத்தில் இருக்கும் கணவனுக்காகக் காத்திருக்கும் சாயா, ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் அக்காவை விட்டு விலகிப் போகிறாள். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. தெருவைத் தோண்டிப் போடுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து வருகிறது. ஜமுனா சாவதற்கே துணிகிற இடத்திலும் ஆசிரியரின் குரல் ஓர் அணுவளவுகூட உயர்வதில்லை. அதன் பிறகு பக்கத்து வீட்டு டீச்சரம்மா அவளிடம் பேசுகிறாள். ஓயாமல் இருமும், தன்னைவிட வெகுவாக மூத்த கணவர், வாய் ஓயாத மாமியார், பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை என்று கழியும் தன் வாழ்க்கையை அவள் எடுத்து முன்னால் வைக்கிறாளே தவிர, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்தப் பேச்சைப் படித்துவிட்டு வெகுநேரம் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. குறை என்று சொன்னால், பாஸ்கர் ராவ் கடைசிவரை ஒரு நிழலாகவே நின்றுவிடுகிறான். அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்று கேட்கக்கூட ஆசிரியருக்கு விருப்பம் இல்லை.

அடுத்து இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பொறியியல் படித்த ரேவதி, பர்மா அகதிகள் குடியிருப்பைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியை வீட்டார் எதிர்ப்பை மீறித் திருமணம் செய்துகொள்கிறாள். பிறகு தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறாள். தலைமையாசிரியரான அப்பா நடேசன், அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி என்று குடும்பமே தீக்காயப் பிரிவின் வாசலில் கிடக்கிறது. பேச்சு மொழியில் இமையத்துக்கு இருக்கும் கை இன்று மிகச் சிலருக்கே உண்டு. யார் பேசுகிறார்கள் என்று எழுதாமலேயே குரலை வைத்து ஆளைக் கண்டுகொள்ள முடிகிறது. என்றாலும், பாதிக்கு மேல் எனக்கு ஒரு சலிப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை. ஒரே அழுகை, ஒரே பழிச்சொல், ஒரே 'அன்றைக்கே சொன்னேனே' என்பது ஒவ்வொருவர் வாயிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. வாசகர் அழ வேண்டிய இடத்தைக் கதைமாந்தர்களே அழுது தீர்த்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்ட'த்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் இந்நாவலின் பின்னால் இருக்கும் உழைப்பை வணங்குகிறேன். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்படும் பகுதியைப் படித்த பிறகு, மாசி வீதியிலும் மாரட் வீதியிலும் பழைய மனத்தோடு நடக்க முடியாது. இரவில் களவுக்குப் போகும் பகுதிகள் தமிழில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. ஆனால் முதல் முந்நூறு பக்கங்களில் படையெடுப்புகளும் பட்டமேற்புகளும் வந்த வண்ணம் இருக்கின்றனவே ஒழிய, மனத்தில் தங்கும் மனிதர்கள் குறைவு. தகவலாக வரும் சாவு எத்தனை பெரிதானாலும் தகவலாகவே போய்விடுகிறது.

கடைசியாக, இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் பாதித்த நூல்: தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதனம்'. 1953இல் வங்காளத்தில் வெளிவந்த நாவல், தமிழில் த. நா. குமாரசாமி பெயர்த்திருக்கிறார். நாடி பிடித்துப் பார்த்தே சாவின் நாளைச் சொல்லிவிடக்கூடிய முதிய வைத்தியர் ஜீவன் மசாய்க்கும், ஊருக்குப் புதிதாக வந்த ஆங்கில மருத்துவர் பிரத்யோத்துக்கும் இடையிலான மோதல்தான் மேல்தோற்றம். உள்ளே இருப்பது வேறு. ஜீவன் மசாய் தன் சொந்த மகனுடைய நாடியிலேயே சாவைக் கண்டவர். கண்டதை மறைக்காமல் சொன்னவர். அந்தச் சொல்லுக்காக மனைவி ஆத்தர் பௌ வாழ்நாள் முழுவதும் அவரை மன்னிக்கவில்லை. மகன் இறந்த துயரம் ஓர் அத்தியாயத்தில் தனியாக எழுதப்படவில்லை. அந்தக் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் பேசிக்கொள்ளும் சாதாரணப் பேச்சிலெல்லாம், வைத்தியர் வேறொருவர் கையைத் தொடும் ஒவ்வொரு முறையும், அது வந்து நிற்கிறது. சாவைக் கண்ணும் காதும் அற்ற ஒரு பெண்ணாக, பிங்களகேசினி என்ற பெயரில் தாராசங்கர் காட்டுகிறார். யார் கூப்பிடுகிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. வைத்தியர் தம் நாடியிலேயே அவளுடைய காலடியைத் தேடத் தொடங்கும் இறுதிப் பகுதியைப் போல ஒன்றை நான் படித்ததில்லை.

உங்கள் கருத்துகளை, குறிப்பாக மாறுபட்ட கருத்துகளை, அறிய ஆவலாக இருக்கிறேன்.

கெடிலம்

வைகைக்கரையான் ஐயா அவர்களுக்கு வணக்கம். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 'ஆரோக்கிய நிகேதனம்' பற்றி எழுதிய ஒவ்வொரு சொல்லோடும் ஒத்துப்போகிறேன். 'செல்லாத பணம்' பற்றி எழுதியதோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

நான் கடலூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊர்களில் பெரிய நோய், பெரிய விபத்து என்றால் புதுச்சேரிக்குத்தான் ஓடுவார்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்போருக்குச் செய்வதற்கு வேலை எதுவும் கிடையாது. உள்ளே விட மாட்டார்கள். கேட்டாலும் யாரும் விவரமாகப் பதில் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் மனிதர்கள் புதிதாக எதையும் பேசுவதில்லை. சொன்னதையேதான் சொல்கிறார்கள். ஊரிலிருந்து ஓர் உறவினர் வந்து இறங்கியவுடன் முதலிலிருந்து முழுக்கதையும் மறுபடி சொல்லப்படும். அடுத்தவர் வந்தால் மறுபடியும். நீங்கள் சலிப்பு என்று சொல்வதை அந்தக் குடும்பமே அனுபவித்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுருக்கி, அழகாக வெட்டி எழுதியிருந்தால், காத்திருப்பின் கொடுமை நாவலை விட்டே போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இழவு வீட்டில் பெண்கள் அழுவது திரும்பத் திரும்பச் சொல்லித்தான். ஒப்பாரியில் ஒரே அடி மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் உறவுமுறை மட்டும் மாறும். அமராவதி பேசும் பகுதிகளை அந்தக் காதோடு படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்தாளர் அடக்கமாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல் 'தண்ணீர்' போன்ற ஒரு நகரத்து நாவலுக்குப் பொருந்துகிறது. சத்தம் போட்டு அழுவதையே துக்கத்தின் மரியாதையாகக் கொள்ளும் மக்களைப் பற்றிய நாவலை அதே கோலால் அளப்பது சரியா?

எனக்கு அந்நாவலில் வேறொரு குறை உண்டு. ரவியும் அருண்மொழியும் பேசிக்கொள்ளும் பகுதி வெகு தாமதமாக வருகிறது. அதுவரை ரவியை வீட்டார் கண்ணால்தான் பார்க்கிறோம். அவனுடைய குடியிருப்பு, அவனுடைய ஆட்கள், ரேவதி அங்கே வாழ்ந்த நாள்கள் ஆகியவற்றுக்கு இன்னும் இடம் கொடுத்திருந்தால் நடேசனின் துயரமும் கூடுதலாக விளங்கியிருக்கும்.

கரிசல்மண்

இருவருடைய பதிவுகளையும் படித்தேன். இந்தக் கேள்விக்குப் பூமணியின் 'வெக்கை'யைக் கொண்டுவராமல் பேச முடியாது என்று நினைக்கிறேன். சென்ற மாதம்தான் மறுபடி படித்தேன்.

தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டுகிறான். கையை மட்டும் வெட்ட நினைத்தது கொலையில் முடிகிறது. அங்கிருந்து நாவல் தொடங்குகிறது. பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கொலையை வைத்து ஒரு துரத்தலையும் பரபரப்பையும் எதிர்பார்த்து வருபவருக்குக் கிடைப்பது வேறு. அடுப்புக் கூட்டுகிறார்கள், சோறாக்குகிறார்கள், குளிக்கிறார்கள், படுக்க இடம் தேடுகிறார்கள். அப்பன் மகனிடம் பழைய கதைகளைச் சொல்கிறார். அண்ணன் போன துக்கம், வீட்டில் அம்மாவும் தங்கையும் என்ன ஆனார்களோ என்ற கவலை, எல்லாம் அந்தச் சோற்றுக்கு நடுவில்தான் பேச்சாக வருகின்றன. கரிசல் பக்கத்துக்காரனாகச் சொல்கிறேன்: எங்கள் அப்பன்மார் பிள்ளையிடம் அன்பைச் சொல்லும் முறை அதுதான். 'சாப்பிட்டாயா' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

நாவலில் சாதியின் பெயர் எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பதைப் பலர் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2019இல் வெற்றிமாறன் இயக்கத்தில் 'அசுரன்' படமாக வந்தபோது அது வெளிப்படையாகவே பேசப்பட்டது. படத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். நாவலைப் பொறுத்தவரை, நிலம் யாரிடம் இருக்கிறது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி விளக்க வேண்டிய அவசியம் ஏது? ஆகவே என் கருத்து கெடிலம் அம்மா சொல்வதற்கும் ஐயா சொல்வதற்கும் நடுவில் நிற்கிறது. அழுவதா, அடக்குவதா என்பதை எழுத்தாளரின் அழகியல் முடிவு செய்யக்கூடாது. அந்த மனிதர்கள் எப்படியோ, எழுத்தும் அப்படியே இருக்க வேண்டும். 'வெக்கை'யில் யாராவது அரைப் பக்கம் அழுதிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

வைகைக்கரையான்

கெடிலம் அம்மா, ஒப்பாரியைப் பற்றி நீங்கள் எழுதியது வலுவான வாதம். அதை எண்ணிப் பார்த்துக்கொண்டே அமராவதி வரும் பக்கங்களை மறுபடி புரட்டினேன். அவளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது பொருந்துகிறது. ஆனால் ஒப்பாரியில் ஒரே அடி திரும்ப வந்தாலும் அழுபவள் மாறும்போது இழந்தது என்னவென்பதும் மாறுகிறது: மகளுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று. நடேசனும் முருகனும் பேசும்போது அந்த மாற்றத்தைத் தேடினேன். போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. தகப்பனுக்கும் தமையனுக்கும் ரேவதி ஒரே ஆளாக இருந்திருக்க முடியாது. என் மனக்குறை அந்த இடத்தில்தான். நடேசன் மகளோடு பேசாமலே கழித்த ஆண்டுகளைப் பற்றி அவர் தமக்குள் எண்ணும் சில வரிகள், பக்கக் கணக்கில் வரும் புலம்பலைவிட என்னை அதிகம் உலுக்கின.

கரிசல்மண் நண்பர் சொன்ன அளவுகோலை ஏற்கிறேன். அந்த அளவுகோலின்படியே கேட்கிறேன்: அந்த மனிதர்கள் எல்லாரும் ஒன்றுபோலவா அழுவார்கள்?

குமரித்துறை

வணக்கம். வெகுகாலமாக இங்கே படிப்பவன், எழுதுவது குறைவு. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை இப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். 1988இல் வெளிவந்த நூலை எங்கள் மாவட்டத்துக்காரனாக இருந்தும் இவ்வளவு தாமதமாகப் படித்ததில் வருத்தம் உண்டு.

வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரத்தின் கீழ் ஒரு கடலோர ஊர் முழுவதும் தலைகுனிந்து கிடக்கிறது. அவரை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. இங்கிலீஷ் படிப்பு ஹராம் என்று நம்பவைக்கப்பட்ட ஊருக்குப் பள்ளிக்கூடம் நடத்த மஹபூப்கான் மாஸ்டர் வந்து சேர்கிறார். இந்நூலைப் பற்றி நான் கேட்டிருந்ததெல்லாம் 'சமூக விமரிசன நாவல்' என்பதுதான். படித்தபோது கண்டது வேறு. முதலாளி கொடுமைக்காரர்; ஆனால் சொத்து கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தும் தெரியாததுபோல் அவர் நடந்துகொள்ளும் இடங்களில், அவர்மீது ஓர் இரக்கம் வருவதைத் தடுக்க முடியவில்லை. தம் சமூகத்தைக் கடுமையாக எழுதும் ஒருவர், அந்தக் கடுமைக்காக எந்த ஒரு பாத்திரத்தையும் வெறும் பொம்மையாக்கவில்லை.

மலையாளமும் அரபியும் கலந்த அந்த வழக்கு முதல் இருபது பக்கங்களில் வேற்றூர் வாசகர்களைச் சற்றுத் தடுக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். காதுக்குப் பழகியபின் அதை வேறு தமிழில் எண்ணிப் பார்க்கவே முடியாது.

'காவல் கோட்டம்' குறித்து ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு உண்டு. தனி மனிதர் மனத்தில் தங்கவில்லை என்கிறார். அந்நாவலில் கதைத்தலைவன் ஊரும் ஊர்க்காவலும்தானே? களவும் காவலுமாக வாழ்ந்த தாதனூர்க்காரர்களைக் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி விரல்ரேகை பதிக்கவைக்கும் இறுதிப் பகுதி அவ்வளவு கனமாக விழுவதற்கு, அதற்கு முன்பு அந்த ஊரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருப்பதுதான் காரணம். ஆரம்பப் பகுதி இறுகிக் கிடக்கிறது என்பதை மட்டும் ஏற்கிறேன்.

பினாங்கு வாசகி

அனைவருக்கும் வணக்கம். நீங்கள் எல்லாரும் அழுவதையும் அடக்குவதையும் பற்றிப் பேசுகிறீர்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' மூன்றாவது ஒரு வழியைக் காட்டுகிறது; அது எள்ளல்.

நாவல் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படை சுமத்ராவிலுள்ள மெடான் நகருக்குள் நுழையும் காட்சியோடு தொடங்குகிறது. பாண்டியன் வட்டிக்கடைப் பெட்டியடியிலிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்குப் போகிறான். பினாங்கில் நண்பர்களோடு குடித்துக்கொண்டு தமிழரின் பழம்பெருமையை அக்கக்காகப் பிரித்துப் போடுகிறான். சங்கப் பாட்டும் காப்பிய வரிகளும் அந்தப் பேச்சில் தலைகீழாகப் புரள்கின்றன. அந்தக் காலத்துப் பினாங்கைப் பற்றி என் தாத்தா வாய்வழியாகச் சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, தெருவும் கடையும் அங்கே பேசப்பட்ட பாஷையும் எவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்கின்றன என்று வியக்கிறேன். எங்களூர்த் தமிழர்கள் 'அந்தக் காலம்' என்று இரண்டு சொற்களில் கடந்துவிடும் ஆண்டுகள் இவை. 1972இல் நூலாக வந்தபோது தமிழ்நாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. சிங்காரம் மதுரையில் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்து, தனியராக வாழ்ந்து, 1997இல் மறைந்தார். அவருக்குரிய வாசகர்கள் பெரும்பாலும் பிறகுதான் வந்தார்கள்.

எள்ளல் என்று சொன்னேன். ஆனால் பாண்டியன் சின்னமங்கலத்துச் சந்தையை நினைத்துக்கொள்ளும் பகுதியில் எள்ளல் கழன்று விழுந்துவிடுகிறது. யார் யார் எங்கே கடை போட்டிருந்தார்கள், என்ன விற்றார்கள், எந்தக் குரலில் கூவினார்கள் என்று அவன் ஒன்றுவிடாமல் நினைவுகூர்கிறான். திரும்பிப் போக முடியாத ஊரை ஒருவன் கடை கடையாக எண்ணிக்கொண்டு போகிறான். 'ஊர் ஏக்கம்' என்று ஆசிரியர் ஓர் இடத்திலும் எழுதவில்லை. என் குறையையும் சொல்லிவிடுகிறேன்: இந்நாவலில் பெண்கள் அநேகமாக இல்லை, வருகிறவர்களும் ஆண்களின் இரவுகளுக்காக வருகிறார்கள். அந்தப் போரில் எங்கள் பாட்டிமார் பட்டது எதுவும் இதில் இல்லை.

கெடிலம்

பினாங்குச் சகோதரி கடைசியில் சொன்னது முக்கியமானது. அதை ஒட்டி ஒரு நூலைச் சேர்க்கிறேன். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது). கொங்கு நாட்டில் குடிநாவிதர் குடும்பத்தைச் சேர்ந்த காரு மாமாவின் சாவுக்கு உறவுகள் வந்து கூடுகின்றன. ஒவ்வொருவர் வழியாகவும் இறந்தவருடைய வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரள்கிறது. ஊருக்கெல்லாம் நல்லது கெட்டதில் முன்நிற்க வேண்டிய தொழில் அவர்களுடையது. அவர்கள் வீட்டுச் சாவுக்கு யார் வருகிறார்கள் என்பதைக் கவனித்துப் படியுங்கள். ஐயா கேட்ட கேள்விக்கு, எல்லாரும் ஒன்றுபோலவா அழுவார்கள் என்பதற்கு, என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இந்த நாவல்தான். ஒரே இழவு, ஒரே வீடு. அக்காவின் அழுகை வேறு, விட்டுப்போன மனைவியின் அழுகை வேறு. இந்த ஒரு விஷயத்தில் 'செல்லாத பணம்' இதைவிட ஒரு படி கீழே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காத்திருப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வைகைக்கரையான்

'நீர்வழிப் படூஉம்' வாங்கி வைத்துப் படிக்காமல் இருக்கிறது. அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறேன். பினாங்குச் சகோதரியின் பதிவு தனி இழையாகத் தொடர வேண்டிய ஒன்று. சிங்காரத்தின் எள்ளலுக்குப் பின்னால் இருக்கும் ஊரை இவ்வளவு நெருங்கிக் காட்டியதற்கு நன்றி.

நாவல் அல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை இந்த முறை பொறுமையாக, நாளுக்குச் சிறிது சிறிதாகப் படித்து வருகிறேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல். ஏடு தேடிய கதை என்றே இதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு இந்த முறை பெரிதாகத் தெரிந்தது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி முதல் நாள் காலமாகிறார். சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்கிறார். மாணவர்களில் ஒருவர் கிறித்தவர், ஒருவர் பிராமணர். சைவ மடத்தைச் சார்ந்து வாழ்ந்த ஆசிரியர். சாமிநாதையர் இதைப் பெரிதுபடுத்தி ஒரு வரியும் எழுதவில்லை. யார் எங்கே இருந்தார்கள், எதைப் படித்தார்கள் என்று மட்டுமே சொல்கிறார். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகு, எண்பத்தைந்து வயதுக்குமேல், எழுதும்போதும் அந்தப் பாட்டின் பெயர் அவருக்கு மறக்கவில்லை.

கெடிலம் அம்மா, 'சத்தம் போட்டு அழுவதையே மரியாதையாகக் கொள்ளும் மக்கள்' என்றீர்கள். சாமிநாதையர் அப்படி எழுதவில்லை என்பதால் அவருடைய துக்கம் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அமராவதி சத்தம் போடுகிறாள் என்பதால் அவளுடையது கூடியது என்றும் சொல்ல முடியாது. இருவரையும் அருகருகே வைத்துப் படிக்கத் தோன்றியது உங்கள் மறுப்பால்தான். குமரித்துறை நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: மீரானின் 'சாய்வு நாற்காலி'யை அடுத்துப் படிப்பதாக இருந்தால், அகமதுக்கண்ணு முதலாளியின்மேல் வந்த இரக்கம் அங்கேயும் வருகிறதா என்று எழுதுங்கள். எனக்கு அந்நாவலின் முஸ்தபாக்கண்ணுவின்மேல் இரக்கமே வரவில்லை. காரணம் அவரா, நானா, ஆசிரியரா என்பதை உங்களோடு பேசித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.